தடை செய்யப்பட்ட அடி

அத்தியாயம் 6

காவல் நிலையத்து நாற்காலிகளில் இரண்டு வகை உண்டு. உட்காரச் சொன்னால் உட்காரலாம் என்பது ஒன்று. உட்காரச் சொன்னாலும் உட்காரக் கூடாது என்பது இன்னொன்று. கத்திரி இரண்டாவதில் உட்கார்ந்துவிட்டான். ஒரு கால் உடைந்த அந்த நாற்காலி, சுவரின் தயவில் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தது.

"விழுந்து வைக்காதே," என்றாள் அக்கா.

"விழுந்தா என்னக்கா? தானே விழுந்தேன்னு எழுதிக் குடுத்துடறேன். இங்க அதானே வழக்கம்?"

எதிரே இருந்த இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. சுவரோரம் நின்ற பெண்ணும் சிரிக்கவில்லை. அவளை மைதானத்தில் எல்லோரும் வெட்டுக்கிளி என்றுதான் கூப்பிடுவார்கள். நீளம் தாண்டுகிறவள். அவளுடைய அப்பாதான் அவளுக்குக் கோச். அந்த அப்பா நேற்றுக் காலையிலிருந்து இந்தக் கட்டடத்தின் பின்பக்கத்தில் ஏதோ ஓர் அறையில் இருக்கிறார். மைதானத்து விளையாட்டுச் சங்கத் தலைவர்மேல் கொலை முயற்சி. கைது என்று இன்றைக்குத்தான் எழுதியிருக்கிறார்கள், நாளைக்குக் கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்கள். நிறுத்திவிட்டால் எப்போது வெளியே வருவார் என்று யாராலும் சொல்ல முடியாது.

அக்கா ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், எரியாத கடைக்கும் திருடு போகாத காருக்கும் நஷ்டஈடு கேட்டவர்களைப் பிடித்துக் கொடுத்தே தலை நரைத்தவள். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். கத்திரி முன்னாள் தையல்காரன். துணியை வெட்டியதைவிட வாடிக்கையாளர்களின் பேச்சை வெட்டியது அதிகம் என்பதால் கடை போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. கழுத்தில் இஞ்ச் டேப் மட்டும் பழக்கதோஷத்தில் இன்னும் தொங்குகிறது.

"இதைக் கேளுங்க மேடம். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" இன்ஸ்பெக்டர் கைபேசியை மேஜைமேல் வைத்து அமுக்கினார்.

கோச்சின் குரல் வந்தது. மைதானக் காவலாளிக்கு முந்தாநாள் சாயங்காலம் அனுப்பியது.

"அண்ணே, தலைவர்கிட்ட பேசிப் பாத்தாச்சு. பிரயோஜனமில்ல. ரெண்டு அடி. ரெண்டே ரெண்டு அடி போட்டா போதும், எல்லாம் சரியாயிடும். நாளைக்குக் காலையில யாரும் வர்றதுக்கு முன்னாடி நானே வந்து போட்டுடறேன். நீங்க பாக்காத மாதிரி இருந்துக்குங்க."

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சொன்னபடியே வந்தான், சொன்னபடியே போட்டான். ஸ்டோர் ரூம் வாசல்ல தலைவர் மண்டை உடைஞ்சு கிடக்கார். இவன் கடப்பாரையோட மைதானத்துல நிக்கறான். பக்கத்துல புதுசா ஒரு குழி. ஆயுதத்தைப் புதைக்கத் தோண்டினது."

"சார், அது ஓடுபாதைக்குத் தோண்டினது," என்றாள் வெட்டுக்கிளி. நேற்றிலிருந்து எத்தனை முறை சொன்னாளோ, குரலில் கோபம்கூடத் தேய்ந்து போயிருந்தது. "புது ஓடுபாதை ரெண்டு அடி குறையுது. என்னோட ஓட்டமே கெட்டுப் போச்சு. ஒவ்வொரு தடவையும் எகிறுற பலகையைத் தாண்டி மிதிச்சுட்டேன், டீம்லேருந்து எடுத்துட்டாங்க. அப்பா போடறேன்னு சொன்னது நீளத்தை."

"மைதானத்துல அடிங்கற அளவே கிடையாதும்மா. தலைவர் தடை பண்ணிட்டார். மீட்டர், சென்டிமீட்டர் மட்டும்தான். போர்டே வெச்சிருக்கு." இன்ஸ்பெக்டர் அக்காவின் பக்கம் திரும்பினார். "அளவு இல்லேன்னு ஆயிட்டா, அடிங்கற வார்த்தைக்கு மிச்சம் என்ன மேடம் அர்த்தம்? நீங்களே சொல்லுங்க."

ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருந்து, அதில் ஒன்றை அதிகாரம் பிடுங்கிக்கொண்டால், பாக்கி இருப்பது காவல் நிலையத்துக்குத்தான் வந்து சேரும் போலிருக்கிறது என்று கத்திரி நினைத்துக்கொண்டான்.

"சார், உங்க உயரம் எவ்வளவு?"

"அஞ்சடி எட்டு. ஏன்?"

"அஞ்சடியா? யார் சார் அடிச்சது?"

"கத்திரி, வெளியே போ," என்றாள் அக்கா. ஆனால் அவளும் எழுந்துவிட்டாள். "குழியைப் பாத்துட்டு வரேன் சார். சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க."

"குழியை நல்லாப் பாருங்க. காரணமும் பலமா இருக்கு மேடம். தடைக்கு அப்புறம் தலைவர்கிட்டயே போய் 'ரெண்டு அடி குறையுது'ன்னிருக்கான். அவர் மைதானத்தை ஒரு சுத்து ஓடிட்டு வந்து மீட்டர்ல சொல்லுன்னுட்டார். அவன்கிட்ட கத்துக்கற பசங்க முன்னாடியே ஓடியிருக்கான். இந்த வயசுல அப்படி ஓடினவனுக்கு வெறி வராதா?"

வெளியே வந்ததும் வெட்டுக்கிளி மெதுவாகச் சொன்னாள். "காலையில சாப்பாடு கொண்டு வந்தேன் மேடம். திருப்பிக் குடுத்துட்டாங்க. அப்பா சாப்பிடற நிலைமையில இல்லையாம்."

கத்திரி அவள் கையிலிருந்த சாப்பாட்டுத் தூக்கை வாங்கிக்கொண்டான்.

*

மைதானத்து வாசலில் ஆளுயரப் பலகை ஒன்று நின்றது. பாதிப் பலகையைத் தலைவரின் படம் அடைத்துக்கொண்டிருந்தது. மார்பை நிமிர்த்தி, தாடையைத் தூக்கி, அடுத்த ஊர்வரை பார்க்கிற பார்வை. கீழே பெரிய எழுத்தில்:

'உலகத் தரம் நோக்கி! இவ்வளாகத்தில் அடி, அங்குலம், கெஜம் ஆகியவற்றைப் பேசுதல் தடை செய்யப்பட்டுள்ளது. மீறுவோர் ஒரு சுற்று ஓட வேண்டும். பழைய அளவுகளை மாற்றும் எளிய வழி: 1 அடி = 30 செ.மீ. — தலைவர்.'

"என்ன ஒரு தெளிவு!" என்றான் கத்திரி. "இவர் வீட்டு டிவி எத்தனை இஞ்ச்சுன்னு கேட்டா என்ன பண்ணுவாராம்? வாசல்ல ஓடுவாரா?"

"அவர் உயரத்தைக் கேளுங்கண்ணே," என்றாள் வெட்டுக்கிளி. "ஆறடி ஒரு அங்குலம்னு மேடைக்கு மேடை சொல்லுவார். அந்த ஒரு அங்குலத்தை மட்டும் விடவே மாட்டார். எந்த வாசல்லயும் குனியவும் மாட்டார். குனிஞ்சா பதவி கழண்டு விழுந்துடும்னு நினைப்பு."

ஸ்டோர் ரூம் பார்வையாளர் படிக்கட்டின் அடியில் இருந்தது. புது இரும்பு நிலை, புது நீலப் பெயின்ட். கத்திரி தூரத்திலிருந்தே ஒற்றைக் கண்ணை மூடி அளந்தான். "ஆறே கால் அடி. கண்ணு தப்பாது."

"நம்ம வேலை ஓடுபாதையில. வா," என்றாள் அக்கா.

ஓடுபாதை செங்கல் நிறத்தில், பளபளவென்று, மணற்குழியை நோக்கி நீண்டு கிடந்தது. அது தொடங்குகிற இடத்துக்குச் சற்று முன்னால், புல்லுக்குள் பாதி புதைந்த ஒரு பழைய சிமென்ட் கட்டை. கட்டைக்கும் புது ஓடுபாதைக்கும் இடையில்தான் இன்ஸ்பெக்டர் சொன்ன குழி. ஆயுதத்தைப் புதைக்க வெட்டிய குழி ஓடுபாதையின் அகலத்துக்குச் சரியாக, நான்கு மூலையும் கச்சிதமாக, கயிறு கட்டி வெட்டினாற்போல் இருந்தது.

"ரொம்ப ஒழுக்கமான கொலைகாரர்," என்றான் கத்திரி.

"இந்தக் கட்டை என்ன?"

"பழைய ஓடுபாதை இங்கேருந்துதான் ஆரம்பிக்கும் மேடம். நூத்தி முப்பது அடி. சின்ன வயசுலேருந்து நான் இந்தக் கட்டையில காலை ஊனித்தான் ஓடியிருக்கேன். புதுசு போடும்போது அளவை மாத்தினாங்க."

கத்திரி இஞ்ச் டேப்பைக் கழுத்திலிருந்து உருவி, கட்டையிலிருந்து புது விளிம்புவரை பிடித்தான். "இருபத்து நாலு இஞ்ச். ஒரு பொட்டு கூட. ரெண்டு அடியேதான்க்கா!" பிறகு வாசல் பலகையை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நான் இப்ப ஓடணுமா?"

அக்காவும் அந்தப் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கத்திரி, பள்ளிக்கூடத்துல அடி ஸ்கேல் வெச்சிருந்தியா?"

"வெச்சிருந்தேன். வாத்தியார் கையிலதான் அதிகம் இருந்தது."

"அதுல எத்தனை சென்டிமீட்டர்?"

"முப்பது."

"உன் டேப்பைத் திருப்பு. பன்னண்டு இஞ்ச்சுக்கு அந்தப் பக்கம் எவ்வளவு?"

திருப்பினான். நாள் முழுக்கக் கழுத்தில் கிடக்கிற சாமானுக்கு மறுபக்கம் ஒன்று இருப்பதே அவனுக்கு மறந்து போயிருந்தது. "முப்பதரை. அரைக்குத் துளி கம்மி."

"அடி ஸ்கேல்ங்கறது பேருதான். அது அடி இல்ல. அடியைவிட அரை சென்டிமீட்டர் குட்டை. அந்த மனுஷன் பள்ளிக்கூட ஸ்கேலை மனசுல வெச்சுக்கிட்டு ஒரு மைதானத்தையே மாத்தியிருக்கார்."

"அரை சென்டிமீட்டர் போனா என்னக்கா? என் கடையில அதைப் பிசிர்னு விட்டுடுவோம்."

"நூத்தி முப்பது அடிக்கு நூத்தி முப்பது தடவை விட்டிருக்காங்க. அதான் அந்த ரெண்டு அடி."

வெட்டுக்கிளி சிமென்ட் கட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். கைகளால் முகத்தை மூடிக்கொண்டாள். "கால் தப்புது, கால் தப்புதுன்னு என்னையே திட்டிக்கிட்டேன். அப்பா ஒருத்தர்தான் சொன்னார், தப்பு உன் கால்ல இல்ல, தரையிலன்னு."

*

இன்ஸ்பெக்டர் வந்தார். குழியைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார், டேப்பின் இரண்டு பக்கத்தையும் பார்த்தார். ஒரு தவற்றை ஒப்புக்கொள்வதற்கு முன் அதிகாரிகள் பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்தார்.

"சரி மேடம். அந்த ரெண்டு அடி நீளம்தான். ஒத்துக்கறேன்."

வெட்டுக்கிளி எழுந்து நின்றாள்.

"ஆனா," என்றார் இன்ஸ்பெக்டர், "இப்பத்தானே வழக்கு இன்னும் இறுகுது? அவன் சொன்னது நிஜம். பொண்ணு வாய்ப்பு போனது தலைவரோட தப்பால. உண்மையைச் சொன்னவனை ஓட விட்டிருக்கார். நானா இருந்தாலே கை நீட்டியிருப்பேன். நேத்துக் காலையில காவலாளி வாசல்ல இருந்தான், உள்ளே இருந்தது ரெண்டே பேர். ஒருத்தர் மண்டை உடைஞ்சிருக்கு. இன்னொருத்தன் கையில கடப்பாரை. இவன் அடிக்கலேன்னா யார் அடிச்சா?"

நின்ற பெண் நின்றபடியே வெளிறிப் போனாள். அவளுடைய அப்பாவைக் காப்பாற்ற வந்தவர்கள், அவருக்குப் புதிதாக ஒரு நல்ல காரணத்தைத் தேடிக் கொடுத்திருந்தார்கள். கேஸ் பிடித்துக் கொடுத்த மகராசன் நீதான் என்று டேப் கத்திரியின் கழுத்தை இறுக்குவதுபோல் இருந்தது.

அக்கா மட்டும் பதற்றமே இல்லாமல் படிக்கட்டின் பக்கம் பார்த்தாள்.

"தலைவர் எதுக்கு அவ்வளவு காலையில வந்தார்?"

"பரிசளிப்புப் பேச்சை ஒத்திகை பாக்க. மைக் ஸ்டோர் ரூம்ல இருக்கு. எடுக்கப் போனார், உள்ளே கால் வைக்கறப்ப இருட்டுலேருந்து எவனோ போட்டான்னு வாக்குமூலம்."

"அவரைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க சார். உலகத் தரத்துல விசாரிக்கணும்."

தலைவர் வந்தார். வந்தார் என்பது குறைச்சல், எழுந்தருளினார். நெற்றியின் மேல் ஓரத்தில், முடி தொடங்குகிற இடத்தில், குறுக்காக ஒரு கட்டு. அந்தக் கட்டையும் பதக்கம் மாதிரி நிமிர்த்தித்தான் சுமந்து வந்தார்.

"எதிர்ப்புகள் வரும். மாற்றம் கொண்டு வர்றவன் ரத்தம் சிந்தித்தான் ஆகணும்," என்றார் யாரும் கேட்காமலே. "இந்த மண்ணில் மூடத்தனத்தின் கடைசி அங்குலம் இருக்கும்வரை நான் ஓயமாட்டேன்."

"கடைசி சென்டிமீட்டர் ஐயா," என்றான் கத்திரி.

தலைவர் அவனை மேலிருந்து கீழே பார்த்தார். அந்த உயரத்திலிருந்து பார்க்கையில் கத்திரி அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்க மாட்டான்.

"ஐயா, ஒரு சின்ன உதவி," என்றாள் அக்கா. என்றைக்கும் இல்லாத பணிவு அவள் குரலில். "உங்க பேச்சை ஒரு பத்து வரி கேட்டா எங்களுக்கும் புண்ணியம். நேத்து மாதிரியே போய் மைக்கை எடுத்துட்டு வர முடியுமா? யார் எங்கே ஒளிஞ்சிருக்க முடியும்னு அப்படியே பாத்துக்குவோம்."

பேச்சைக் கேட்கிறேன் என்று ஒருவர் தானாகக் கேட்டது தலைவரின் பொதுவாழ்வில் அதுவே முதல் தடவையாக இருக்க வேண்டும். முகம் மலர்ந்தது. மார்பு நிமிர்ந்தது. மைதானத்தைக் குறுக்காகக் கடந்து, படிக்கட்டின் அடிக்குப் போனார். தாடை தூக்கியபடியே இருந்தது. ஸ்டோர் ரூம் வாசல் வந்தது.

தலைவர் குனிந்தார்.

கொஞ்ச நஞ்சமல்ல. முதுகை வளைத்து, கட்டுப்போட்ட நெற்றியைக் கையால் மறைத்து, வாடகை பாக்கி வைத்தவன் வீட்டுக்காரரைக் கடந்து போகிற மாதிரி உள்ளே நுழைந்தார். மைக்கோடு வெளியே வரும்போது இன்னும் ஒரு பிடி அதிகமாகக் குனிந்தார். வாசலைத் தாண்டியதும் பழையபடி நிமிர்ந்துகொண்டார்.

"பார்த்தீங்களா சார்?" என்றாள் அக்கா.

"எதை?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எந்த வாசல்லயும் தலை குனியாதவர் இந்த வாசல்ல குனியறார். இருட்டுல எவனோ அடிச்சான்னா, மனுஷன் திரும்பிப் பாப்பார், விளக்கைப் போடுவார், உங்களை முன்னாடி அனுப்புவார். நிலைக்கு எதுக்கு சார் குனியணும்?"

தலைவர் மைக்கைப் பிடித்தபடி நின்றார். இணைப்புக் கொடுக்காத மைக்.

"கத்திரி, போய் அள. இந்தத் தடவை கண்ணால வேண்டாம்."

கத்திரி ஓடினான். இருகையாலும் டேப்பைப் பிடித்து, ஒரு தடவைக்கு இரண்டு தடவை அளந்தான். கண் தப்பாது என்று அவன் சொன்ன இடத்தில் கண் தப்பியிருந்தது. "ஆறே கால் அடி இல்லக்கா. ஒரு அங்குலத்துக்கு மேல குறையுது. சென்டிமீட்டர்ல நூத்தி எண்பத்தேழரை."

"அதை முப்பதால வகுத்தா சரியா ஆறே கால். அப்போ பழைய வாசல் ஆறே கால் அடி. ஆறடி ஒரு அங்குலத்து ஆள், பூட்ஸும் சேத்து, நிமிர்ந்தபடியே போயிட்டு வர ஒரு விரல் இடைவெளி இருந்தது. புது நிலை செய்யும்போது அடிக்கு முப்பதுன்னு கணக்குப் போட்டாங்க. வாசல் சுருங்கிடுச்சு." அக்கா தலைவரைப் பார்த்தாள். "ஆனா ஐயா, உங்க உத்தரவுக்கு வாசல் கட்டுப்படும். நீங்க சுருங்கலையே."

இன்ஸ்பெக்டர் நிலையின் மேல் கம்பியைக் கைபேசி வெளிச்சத்தில் பார்த்தார். புது நீலத்தின் மேல் ஓரிடத்தில் மட்டும் பெயின்ட் பெயர்ந்து, ரத்தத்தைத் துடைத்த தடமும் இருந்தது.

"ஐயா?" என்றார்.

"எனக்கு அப்பத் தெரியாது," என்றார் தலைவர். மேடைக் குரல் எங்கேயோ போய்விட்டது. "மயக்கம் தெளிஞ்சப்ப எவனோ அடிச்சான்னுதான் நினைச்சேன். சத்தியமா. சாயங்காலம் மறுபடி வந்து பாத்தப்பதான்... அதுக்குள்ள பத்திரிகைக்காரங்க வந்துட்டாங்க. தாக்குதல்னு போட்டுட்டாங்க. நான் என்னன்னு சொல்றது? என் அளவுல நானே போட்ட வாசல்ல நானே இடிச்சுக்கிட்டேன்னா? ஊரே சிரிக்காதா?"

"நேத்து சாயங்காலமே தெரியுமா?" என்று கேட்டது வெட்டுக்கிளி. "ராத்திரி முழுக்கத் தெரியுமா?"

தலைவரின் தலை தாழ்ந்திருந்தது. மேலே வாசல் எதுவும் இல்லை.

கத்திரிக்குச் சொல்ல நல்ல நல்லதாக நாலு வார்த்தை தொண்டைவரை வந்தது. அப்போதுதான் இன்ஸ்பெக்டரைக் கவனித்தான். அவர் முகத்தில் வழக்கு முடிந்த நிம்மதி இல்லை. கைபேசியை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். காற்று இந்தப் பக்கம் வீசியதால் துண்டு துண்டாகக் கேட்டது.

"நிறுத்துங்கடா... அவன் செய்யலை... எப்போ?... ஒத்துக்கிட்டானா? என்னத்தை ஒத்துக்கிட்டான்?... சரி. முகத்தைக் கழுவி உட்கார வை. வேற சட்டை இருந்தாக் குடு."

*

காவல் நிலையத்தில் கோச்சை அந்தக் கால் உடைந்த நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அவரும் அந்த நாற்காலியைப்போலவே சுவரை நம்பி இருந்தார். யாருடைய சட்டையோ போட்டிருந்தார்.

மகளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். இரண்டாவது முயற்சியில்தான் முடிந்தது. கத்திரி எத்தனையோ ஆயிரம் தோள்களை அளந்தவன். இந்தத் தோள்களில் ஒன்று மற்றதைவிட இரண்டு அங்குலம் இறங்கியிருப்பதை அவனால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கண் இந்தத் தடவை தப்பியிருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டான்.

"ஓடுபாதையில," என்றார் கோச் மகளிடம். உதடு வீங்கியிருந்ததால் வார்த்தை நசுங்கி வந்தது. "ரெண்டு அடி... போட்டாங்களா?"

"போடுவாங்கப்பா. போட்டே ஆகணும். வாங்க."

வாசலில் நின்ற கான்ஸ்டபிள், யாரும் கேட்காமலே, இன்ஸ்பெக்டரைப் பார்த்து அவசரமாகச் சொன்னான். "சார், நாங்க ஒண்ணும் பெருசா பண்ணலை. ரெண்டு அடிதான் சார் போட்டோம்."

வெட்டுக்கிளி நின்றாள். அப்பாவின் கையைத் தன் தோள்மேல் எடுத்துப் போட்டுக்கொண்டே அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அளக்காதீங்க," என்றாள்.

இரண்டு பேரும் படியில் இறங்கினார்கள். நூற்று முப்பது அடி ஓடி வந்து எகிறுகிறவள், ஒவ்வொரு படிக்கும் நின்று, அப்பாவின் கால் கீழே ஊன்றியதா என்று பார்த்து, பிறகு அடுத்த படிக்குக் காலை வைத்தாள்.

அக்கா கத்திரியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தாள் போலிருக்கிறது. கத்திரி கழுத்திலிருந்து டேப்பை எடுத்து, விரலில் சுற்றி, பைக்குள் போட்டுக்கொண்டான்.